முழுமைத் திட்டம் திருத்தப்படும்போது கருத்துச் சொல்வது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நகரத்தின் முழுமைத் திட்டம் திருத்தப்பட்டு வரைவு வெளியாகும் செய்தி பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புக்கும் நடுவே, சிறிய எழுத்தில் வருகிறது. அதைப் படிக்காமல் கடந்துவிட்டவர்கள் சில ஆண்டுகள் கழித்து வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான், தங்கள் புன்செய் நிலத்தின் குறுக்கே திட்டச் சாலை ஒன்று வரையப்பட்டிருப்பதையோ, ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடை குடியிருப்புப் பகுதியாக மாறியிருப்பதையோ அறிகிறார்கள். அப்போது அலுவலகத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஆட்சேபனைக்கு நாள் கொடுத்திருந்தோமே." அந்த நாட்களுக்குள் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தையும் நீரையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். திட்டத்தை எதிர்ப்பவர்கள், ஆதரிப்பவர்கள் ஆகிய இரு சாராருக்கும் இந்த வழிமுறை பொதுவானது.

முதற்படி: வந்திருப்பது எந்த அறிவிப்பு என்று தெளிதல்

நம் ஊர்களில் "பிளான் வருகிறது" என்று ஒரே சொல்லால் குறிப்பிடப்படுபவை உண்மையில் நான்கைந்து வெவ்வேறு நடைமுறைகள். தவறான இடத்தில் கொடுத்த மனு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் பயன்படாது என்பதால், இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது.

முழுமைத் திட்டம் என்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தயாரிக்கப்படுவது. ஒரு திட்டப் பகுதிக்குள் எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது விவசாயத்துக்கு, எது பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும், சாலைகள் எப்படிப் போகும் என்பதையெல்லாம் அது வகுக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற நகரங்களைச் சுற்றியுள்ள பல கிராமங்களும் இத்தகைய திட்டப் பகுதிகளுக்குள் அடங்குகின்றன. இதற்குக் கீழே, நகரின் ஒரு பகுதிக்கு மட்டும் தெருத் தெருவாக வரையப்படும் விரிவு வளர்ச்சித் திட்டம் உண்டு. அதற்கான அறிவிப்பு அதே சட்டத்தின் வேறொரு பிரிவில், அதாவது 27ஆவது பிரிவில் வரும். முழுமைத் திட்டத்துக்கான அறிவிப்பு 26ஆவது பிரிவின்கீழ் வரும். ஏற்கெனவே நடைமுறையில் உள்ள முழுமைத் திட்டத்தை மாற்றுவது பற்றி 32ஆவது பிரிவு பேசுகிறது. அறிவிப்பின் முதல் இரண்டு வரிகளிலேயே பிரிவு எண் இருக்கும். முதலில் அதை வட்டமிட்டு வையுங்கள்.

அரசியலமைப்பின் 243இசட்டி உறுப்பு சொல்லும் மாவட்டத் திட்டக் குழு இதிலிருந்து வேறானது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் வந்த அந்த உறுப்பின்படி, ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒன்றிணைத்து மாவட்டம் முழுமைக்குமான வரைவு வளர்ச்சித் திட்டத்தை அக்குழு உருவாக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது இடம் சார்ந்த திட்டமிடல், தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்ளுதல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். குழு உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்து வர வேண்டும். நகரமும் கிராமமும் தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற கேள்விக்கு உரிய மேடை உண்மையில் இதுதான். பருவமழையை நம்பிய ஏரிகளும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் சேர்ந்து தாகம் தீர்க்கும் தருமபுரியில் இந்தக் குழுவைப் பற்றி நாம் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலைக்காகவோ குவாரிக்காகவோ 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் மற்றொன்று. அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு இன்னொன்று. அது 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படியோ 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படியோ வரும். நில எடுப்பு அறிவிப்பு கையில் கிடைத்த ஒருவர், முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபனை கொடுத்துவிட்டேன் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி மனு, தனித்தனிக் கெடு.

இரண்டாம் படி: நாட்களை எண்ணுதல்

26ஆவது பிரிவின்படி, வரைவு பற்றிய அறிவிப்பு தமிழ்நாடு அரசிதழிலும் அந்த வட்டாரத்தின் முன்னணி நாளிதழ்களிலும் வெளியிடப்பட வேண்டும். வரைவின் பிரதியை எந்த இடத்தில் பார்வையிடலாம் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். ஆட்சேபனைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் தரப்படும் காலம் அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குக் குறையக் கூடாது. நாளிதழில் நீங்கள் பார்த்த நாளிலிருந்தோ, ஊரில் தண்டோரா போட்ட நாளிலிருந்தோ இந்தக் கணக்கு தொடங்குவதில்லை. அரசிதழ் நாள் முந்தியதாக இருந்தால் உங்களுக்கு ஏழெட்டு நாட்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஆகவே அறிவிப்பைப் பார்த்த அன்றே அரசிதழின் நாளையும் எண்ணையும் கேட்டுக் குறித்து, கடைசி நாளைச் சுவர் நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். அறிவிப்பு வந்த நாளிதழ்ப் பக்கத்தை முழுதாக, தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். அந்தக் காகிதம் மூன்று ஆண்டுகள் கழித்தும் தேவைப்படும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டத்தில் உள்ள இன்னொரு சொல்லையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஆட்சேபனை தரும் உரிமையை அது "எவரும்" என்ற அளவில் விரிவாகக் கொடுத்திருக்கிறது. பட்டா உள்ளவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. குத்தகைக்குப் பயிரிடுபவர், மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர், நத்தத்தில் குடியிருப்பவர், தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் வாடகைக் குடித்தனக்காரர் ஆகிய அனைவருக்கும் எழுத உரிமை உண்டு. "உனக்கு நிலமே இல்லையே, நீ ஏன் வருகிறாய்?" என்று யாராவது கேட்டால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வரைவைப் பெற்றுப் படித்தல்

அறிவிப்பில் குறிப்பிட்ட அலுவலகத்துக்கு முதல் வாரத்திலேயே நேரில் செல்லுங்கள். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், உள்ளூர் திட்டக் குழும அலுவலகம், நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம் ஆகியவற்றில் ஒன்றாக அது இருக்கலாம். ஓசூர்ப் பகுதி என்றால் அங்குள்ள வளர்ச்சிக் குழுமம் போன்ற தனி அமைப்பாகவும் இருக்கலாம். வரைவு மூன்று பாகங்களைக் கொண்டிருக்கும்: நில உபயோக வரைபடம், அதற்கான விளக்க அறிக்கை, ஒவ்வோர் உபயோகப் பகுதியிலும் எவை அனுமதிக்கப்படும் என்ற விதிமுறைகள். பலர் வரைபடத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு கிராமத்தின் வாழ்வைத் தீர்மானிப்பது விதிமுறைப் பகுதிதான். விவசாய உபயோகப் பகுதி என்று வண்ணமிட்டுவிட்டு, அதற்குள் செங்கல் சூளையும் கிடங்கும் கோழிப்பண்ணையும் வரலாம் என்று விதிமுறையில் இருந்தால், வண்ணத்தை மட்டும் பார்த்து நிம்மதியடைவதில் பொருளில்லை. வண்ணங்களின் பொருளை ஊகிக்காமல், வரைபடத்தின் ஓரத்தில் உள்ள குறிவிளக்கத்தைப் பார்த்தே படியுங்கள்.

வரைபடத்தில் உங்கள் கிராமத்தைக் கண்டதும் சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை எடுத்து ஒப்பிட வேண்டும். அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நன்செய், புன்செய், ஓடை, ஏரி, வண்டிப்பாதை, மேய்ச்சல், மயானம் என்ற வகைப்பாடு இருக்கும். வரைவில் இருக்கும் வண்ணமும் பதிவேட்டில் இருக்கும் வகைப்பாடும் எங்கெங்கே முரண்படுகின்றன என்று ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு எழுதுங்கள். அந்த ஒரு தாளே உங்கள் மனுவின் முதுகெலும்பு.

விளக்க அறிக்கையில் மக்கள்தொகைக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேரும் இருந்தார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. ஆகவே இருபது முப்பது ஆண்டுக்கான குடியிருப்புத் தேவையை ஒரு வரைவு கணக்கிட்டிருந்தால், அது எந்த ஆண்டின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது, தொழிற்சாலைகளில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களையும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் சேர்த்திருக்கிறதா என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. ஓசூருக்கும் சூளகிரிக்கும் இது மிகவும் பொருந்தும்.

பிரதி கொடுக்கத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் பதில் வர 30 நாள் வரை ஆகும் என்பதால், இரண்டு மாதக் கெடுவில் பாதி அதிலேயே போய்விடும். முதல் வாரத்தில் விண்ணப்பித்தால் மட்டுமே பயன். பதில் வரும் வரை காத்திருக்காமல் மற்ற வேலைகளைத் தொடருங்கள்.

நான்காம் படி: வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடத்தல்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதி இதுவே. ஆயிரக்கணக்கான சர்வே எண்களை மேலிருந்து எடுத்த படத்தை வைத்து வகைப்படுத்துபவருக்கு, கோடைக் காலத்தில் வறண்டு கிடக்கும் ஓர் ஓடை வெறும் தரிசாகவே தெரியும். ஐப்பசியில் அதில் தண்ணீர் எந்த வேகத்தில் ஓடும் என்பதை அதன் கரையில் வாழ்பவரே அறிவார்.

நம் மாவட்டங்களின் ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால் அந்தத் தண்ணீர் ஓடை வழியாகக் கீழ் ஏரிக்கும், அங்கிருந்து அடுத்த ஏரிக்கும் சென்று, கடைசியில் தென்பெண்ணைக்கோ சின்னாற்றுக்கோ போய்ச் சேரும். இந்தச் சங்கிலியில் ஏரிகளை மட்டும் நீல வண்ணத்தில் காட்டிவிட்டு, நடுவிலுள்ள ஓடைகளை விட்டுவிட்டால், பத்து ஆண்டுகளில் ஏரிகள் பெயரளவில் மிஞ்சும். ஆகவே முதல் நாள் நடையில் மேல் ஏரியின் மதகிலும் கோடி விழும் இடத்திலும் தொடங்கி, தண்ணீர் போகும் வழியே கீழ் ஏரி வரை நடக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சர்வே எண்ணைக் குறித்து, கைபேசியில் இட அடையாளத்துடன் படம் எடுங்கள். ஊரில் எழுபது வயதைக் கடந்த ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த ஆண்டு வெள்ளத்தில் எந்த வரப்பு உடைந்தது என்று அவர்கள் சொல்வது எந்த அறிக்கையிலும் இருக்காது.

இரண்டாம் நடை பாதைகளுக்கானது. அ-பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருப்பவை, பதிவேட்டில் இல்லாமலே தலைமுறையாகப் புழங்கிவரும் தடங்கள், பள்ளிக்கூடத்துக்கும் மயானத்துக்கும் போகும் வழிகள் ஆகியவற்றைப் பாருங்கள். புறவழிச் சாலையோ வட்டச் சாலையோ இவற்றைக் குறுக்கே வெட்டினால், மறுபக்கத்து நிலத்துக்கு மாடு ஓட்டிப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அருகிலும், 44ஆம் எண் நெடுஞ்சாலை அருகிலும் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாலை வேண்டாம் என்று சொல்வதைவிட, எந்த இடத்தில் கீழ்ப்பாலம் வேண்டும், எந்தப் பக்கம் இணைப்புச் சாலை வேண்டும் என்று சர்வே எண்ணுடன் கேட்பது பல நேரங்களில் பலன் தரும்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்தில் உள்ளவர்கள் மூன்றாவதாக ஒரு நடை நடக்க வேண்டும். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடக எல்லையிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும் யானைக் கூட்டங்கள் சானமாவு காடு வரை வந்துபோவதை ஓசூர்ப் பக்கத்தவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். அந்த வழியில் ஒரு மனைப்பிரிவுக்கு இடம் கொடுத்தால் யானைகள் வருவது நிற்காது. பக்கத்துக் கேழ்வரகுக் காட்டுக்கும், இரவில் காவல் இருக்கும் மனிதருக்கும் ஆபத்து கூடும். யானை வந்த நாட்கள், பயிர்ச் சேத இழப்பீட்டுக்கு விண்ணப்பித்த ஆவணங்கள், காப்புக்காட்டு எல்லையிலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். உங்கள் கிராமம், மலைப் பகுதிகளில் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தருமபுரிப் பக்கத்தில் நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு தனிக் கவலை. ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பி விரியும் குடியிருப்புப் பகுதி, குழந்தைகளின் பல்லையும் பெரியவர்களின் எலும்பையும் பாதிக்கும் தண்ணீரை நம்பி விரிகிறது என்று பொருள். புதிதாகக் குடியிருப்பாக வகைப்படுத்தும் இடத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எந்தக் குழாயிலிருந்து, எவ்வளவு வரும் என்பதை வரைவு சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் அதுவே ஓர் ஆட்சேபனை.

ஐந்தாம் படி: ஊருக்குள் பேசுதல்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ஊருக்குள் இரண்டு விருப்பங்கள் இருக்கும். நிலத்தை விற்றுக் கடனை அடைக்க நினைப்பவருக்குக் குடியிருப்பு வகைப்பாடு வேண்டும். தக்காளியும் ரோஜாவும் மாவும் போட்டுப் பிழைப்பவருக்கு விவசாய வகைப்பாடு வேண்டும். இரண்டும் நேர்மையான விருப்பங்களே. ஊர்க் கூட்டத்தில் ஒரு பக்கத்தின் வாயை அடைத்து "ஊரே ஒருமனதாக" என்று எழுதினால், மறுபக்கம் தனியே மனு கொடுக்கும்போது இருவர் சொல்லும் நம்பகத்தன்மை இழக்கும். நீர்நிலை, பாதை, மயானம், மேய்ச்சல் போன்ற பொதுவானவற்றில் சேர்ந்து எழுதுங்கள். தனிப்பட்ட நிலங்களைப் பற்றி அவரவர் எழுதட்டும்.

கிராம சபைத் தீர்மானம் மனுவுக்கு நல்ல வலுச் சேர்க்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஒன்று கெடுவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை கூடும். குறைவெண் வரம்பும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தீர்மானத்தில் சர்வே எண்களை எழுதச் சொல்லி, நகலைக் கையெழுத்துடன் பெறுங்கள். நகரப் பகுதிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் இதே பயனைத் தரும்.

எல்லைப்புறக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. அரசுத் தமிழில் எழுதிய விதிமுறையை அப்படியே வாசித்தால் தமிழ் வீட்டுக்காரருக்கே விளங்காது. கூட்டத்துக்கு முன்னதாகவே இரண்டு பக்கத்தில் எளிமையாக எழுதி, அந்தந்த மொழியில் ஒருவர் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். பால் ஊற்றும் நேரத்திலும் வேலை வண்டி வரும் நேரத்திலும் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று சொல்வது நியாயமாகாது.

ஆறாம் படி: மனு எழுதுதல்

நல்ல மனு இரண்டு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. ஒரு மனுவில் ஒரு பொருள் இருந்தால் பரிசீலிப்பவரால் தனியே பதில் எழுத முடியும். ஐந்து பொருளைக் கலந்து எழுதினால், எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவை மறைந்துவிடும். அனுப்புநர், பெறுநர் எழுதியபின், பொருளில் திட்டத்தின் பெயரையும், பார்வையில் அரசிதழின் எண்ணையும் நாளையும் எழுதுங்கள். உடல் பகுதி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்கானவை மட்டுமே.

"வரைவுத் திட்டத்தில் எங்கள் கிராமத்தின் சர்வே எண் 112இல் உள்ள ஓடைப் புறம்போக்கு, குடியிருப்பு உபயோகப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளது. மேல் ஏரியின் கோடித் தண்ணீர் இந்த ஓடை வழியாகவே கீழ் ஏரிக்குச் செல்கிறது. இதற்கு ஆதாரமாக அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், மழைக்காலத்தில் எடுத்த நிழற்படங்கள், கிராம சபைத் தீர்மான நகல் ஆகியவற்றை இணைத்துள்ளோம். ஆகவே சர்வே எண் 112ஐ நீர்வழியாகக் குறிக்கவும், அதன் இருபுறமும் கட்டுமானம் அனுமதிக்கப்படாத பகுதியை ஒதுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். குடியிருப்புக்கு மாற்று இடமாகச் சர்வே எண் 120 முதல் 124 வரையுள்ள மேட்டு நிலத்தைப் பரிசீலிக்கலாம். அதன் உரிமையாளர்களின் சம்மதக் கடிதங்களும் இணைக்கப்பட்டுள்ளன. பிரிவு 26இன்படி எங்களை நேரில் கேட்டறிய வாய்ப்பளிக்க வேண்டுகிறோம்."

இந்த மாதிரியின் கடைசி வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நேரில் கேட்கப்படும் வாய்ப்பை, அப்படி வேண்டுகோள் வைத்தவர்களுக்கே சட்டம் தருகிறது. மனுவில் அதைக் கேட்காதவருக்கு அழைப்பு வராமல் போகலாம். மாற்று இடத்தைக் குறிப்பிடும்போதும் கவனம் தேவை. சாலையை உங்கள் ஆயக்கட்டிலிருந்து விலக்கி, பக்கத்துக் காலனியின் வீடுகள் மீது போகும்படி கோடு போட்டுக் கொடுப்பது எளிது. அங்குள்ளவர்களிடம் பேசாமல் அவர்கள் நிலத்தை மாற்றாகக் காட்டக் கூடாது.

ஒரே வாசகத்தை ஐந்நூறு நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பரிசீலிக்கும்போது அவை ஒரே ஆட்சேபனையாகச் சுருங்கிவிடும். அதைவிட, மீன் குத்தகைக்காரர் ஏரியைப் பற்றியும், ஆடு மேய்ப்பவர் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும், ஆசிரியர் பள்ளிப் பாதையைப் பற்றியும் தம் சொற்களில் எழுதிய பத்து மனுக்கள் அதிகம் பேசும்.

பெரும்பாலோர் மறந்துவிடும் ஒன்று, ஆதரவு மனு. வரைவில் ஏரிக்கரையைத் திறந்தவெளியாக வைத்திருந்தால், "இது சரி, இப்படியே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். அதைக் குடியிருப்பாக மாற்றச் சொல்லி மனையடி விற்பவர்கள் கட்டாயம் எழுதுவார்கள். கோப்பில் ஒரு பக்கத்துக் குரல் மட்டும் இருந்தால் நல்ல முன்மொழிவும் மாறிப்போகும்.

ஏழாம் படி: சேர்ப்பித்தல்

நேரில் கொடுப்பதே நல்லது. இரண்டு பிரதி எடுத்துச் சென்று, தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் நாள் முத்திரையும் சுருக்கொப்பமும் பெறுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை பெறும் வகையில், கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு நகல் கொடுக்கலாம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் பேசலாம். ஆனால் அவை கூடுதல் வழிகளே. அறிவிப்பில் சொன்ன அலுவலகத்தில் கொடுக்காமல் அங்கு மட்டும் கொடுத்த மனு, சட்டப்படியான ஆட்சேபனைப் பட்டியலில் இடம்பெறும் என்று நம்பியிருக்க முடியாது.

எட்டாம் படி: நேரில் கேட்கப்படும் நாள்

ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். மனுவை முழுதாக வாசிக்காமல், பெரிதாக அச்சிட்ட புல வரைபடத்தை மேசையில் விரித்து, சிவப்பு மையால் வட்டமிட்ட இடத்தைக் காட்டி, என்ன மாற்றம் வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். வயதானவரோ பேசத் தயங்குபவரோ வந்தால், அவர் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் குறுக்கிட வேண்டாம். அதிகாரி "பார்க்கிறோம்" என்று சொன்னால், அந்த இடத்தைக் களத்தில் பார்வையிட எந்த நாளில் வருவார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். வீடு திரும்பிய அன்றே, என்ன பேசப்பட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதி அதே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அது கோப்பில் சேரும்.

அதன் பிறகு

கருத்துகளைக் கேட்டபின் திட்டக் குழுமம் தகுந்த மாற்றங்களைச் செய்து திட்டத்தை மேலே அனுப்பும். அரசு ஒப்புதல் அளித்து, அது அரசிதழில் வெளியான பிறகே திட்டம் நடைமுறைக்கு வரும். இடைப்பட்ட காலத்தில், உங்கள் மனு மீது என்ன முடிவு எடுக்கப்பட்டது, காரணம் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடம் வந்ததும் அதே சர்வே எண்களை மீண்டும் ஒப்பிடுங்கள்.

வகைப்பாடு மாறியதால் பட்டா போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். 47ஆவது பிரிவு, திட்டம் நடைமுறைக்கு வந்தபின் நிலத்தைத் திட்டத்துக்கு ஏற்பவே பயன்படுத்த வேண்டும் என்று சொன்னாலும், ஏற்கெனவே இருக்கும் பயன்பாட்டைத் திட்டத்தில் குறிப்பிடும் நிபந்தனைகளுடன் தொடர இடமளிக்கிறது. உங்கள் திட்டத்தில் அந்த நிபந்தனைகள் என்ன என்று படித்து வையுங்கள். உங்கள் நிலம் பூங்காவுக்கோ பேருந்து நிலையத்துக்கோ சாலைக்கோ என ஒதுக்கப்பட்டிருந்தால், 38ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். வரைவு அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வெளியாகாமல், உடன்பாட்டின் மூலமும் எடுக்கப்படாமல் இருந்தால், அது ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். அந்த மூன்று ஆண்டுகளை எண்ணத் தொடங்கும் நாள், இரண்டாம் படியில் எடுத்து வைக்கச் சொன்ன நாளிதழ்ப் பக்கத்தில் நீங்கள் குறித்து வைத்திருக்கும் அதே அரசிதழ் நாள்தான். ஒரு பிரதியைப் பட்டாவுடன் சேர்த்து வீட்டில் வையுங்கள், இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.